ஒருபக்கம் தொங்கிய பாவாடை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் இப்போதெல்லாம் பேச்சு முட்டியில் தொடங்கி இடுப்பில் வந்து நிற்கிறது. யார் குளியலறையில் வழுக்கினார்கள், யாருக்குத் தகடு வைத்தார்கள், யார் இன்னும் கைத்தடி வேண்டாம் என்று அடம்பிடிக்கிறார்கள் என்று ஒரே வீர வரலாறுதான். நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தாயிற்று. போன மாதம் மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போய், வழுக்கி விழுந்து, மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். விழுந்த பிறகும் துணியை விடவில்லை என்று மருமகள் எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள்.

கட்டுப் போட்டுக்கொள்ளக் கோயம்புத்தூரில் ஓர் எலும்பு டாக்டரிடம் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு சின்னப் பெண். ஆறு வயது இருக்கலாம். காலில் ரோஜா நிறத்தில் கட்டு, அதன்மேல் யாரோ பேனாவால் பூனை வரைந்திருந்தார்கள். அவளுடைய அம்மா என்னிடம், "இவளுக்குச் சீக்கிரமே பிரிச்சிருவாங்களாமுங்க ஆன்ட்டி. சின்ன எலும்பு சட்டுனு கூடிருமாம். உங்களுக்குத்தான் லேட்டாகுமாட்ட இருக்குது" என்றாள். சொல்லிவிட்டு எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். கணுக்காலுக்கு மேலே அந்தக் கறுப்புக் கோடு இருந்தது. ஐம்பது வருஷமாகக் காதால் மட்டும் கேட்டிருந்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கட்டுப் பிரித்ததோடு விட்டுவிடாதே, வரச் சொல்லும்போதெல்லாம் கூட்டிக்கொண்டு வா என்று என்னென்னவோ சொன்னேன். பாவம், அவள் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு வேறு நாற்காலிக்குப் போய்விட்டாள். அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எழுந்து போக மாட்டீர்கள், முட்டி விடாது.

என் தங்கையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

காங்கேயத்தில் அப்பா தேங்காய்ப் பருப்புக் களம் வைத்திருந்தார். உடைத்த தேங்காய் மூடிகளை வெயிலில் காயப்போட்டு, பருப்பைப் பெயர்த்து, மூட்டை பிடித்து எண்ணெய் ஆலைக்கு அனுப்பும் இடம். அந்த வாசனை எங்கள் தலைமுடியில், பள்ளிக்கூடப் பையில், தலையணையில் எல்லாம் இருக்கும். முதல் நாள் காயும் தேங்காய்க்கு ஒரு வாசனை, நாலாம் நாள் வேறு வாசனை. கண்ணை மூடிக்கொண்டு எத்தனையாவது நாள் என்று சொல்வதில் தங்கை கெட்டிக்காரி. சொல்லிவிட்டு ஒரு துண்டை எடுத்து வாயில் அடக்கிக்கொள்வாள். நாள் முழுவதும் அவள் கன்னம் ஒருபக்கம் புடைத்தே இருக்கும்.

ஒரு மாசி மாதம், கொட்டகைக்குள் அடுக்கியிருந்த மூட்டை அட்டி சரிந்தது. தங்கைக்கு அப்போது ஏழு வயது, எனக்குப் பத்து. அவள் அட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து பருப்பைத் தின்றுகொண்டிருந்தாள். மேல் மூட்டை நகர்வதைப் பார்த்த அப்பா பாய்ந்து போய் அவளை இழுத்தார். பாதி இழுப்பதற்குள் அட்டி இரண்டு பேர்மேலும் இறங்கிவிட்டது. களத்துப் பெண்கள் மூட்டைகளைப் புரட்டித் தள்ளினார்கள். அப்பாவின் வலது கால் முட்டிக்குக் கீழே திரும்பிக் கிடந்தது. தங்கைக்கு இடது தொடை, முட்டிக்குச் சற்று மேலே. அவள் அழவில்லை. "அப்பா காலு கோணிப்போச்சு, அப்பா காலு கோணிப்போச்சு" என்றுதான் கத்தினாள்.

நாட்டு வைத்தியம் பார்க்கலாம் என்று சிலர் சொன்னதைக் கேட்காமல் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இரண்டு பேரையும் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த ஆஸ்பத்திரியில் நடந்ததை அம்மா பிற்பாடு எத்தனை முறை சொன்னார் என்பதற்குக் கணக்கே இல்லை. அதனால் நானே அங்கு நின்ற மாதிரி எனக்கு ஞாபகம்.

டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினாராம். தங்கையின் படத்தில் முட்டிக்கு மேலே எலும்புக்குக் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. அம்மா அதைக் காட்டி, "ஐயோ சாமி, ரெண்டாப் போயிருச்சுங்களே" என்று அழுதிருக்கிறார்.

"அது முறிவு இல்லீங்கம்மா. அங்கிருந்துதான் எலும்பு வளருது. வளர்ற புள்ளைங்க எல்லாத்துக்கும் அந்தக் கோடு இருக்கும். உங்க வீட்டுக்காரர் படத்துல பாருங்க, இல்லை. அவர் வளர்ந்து முடிச்சாச்சு" என்றாராம் டாக்டர்.

பிறகு அவர் விளக்கியிருக்கிறார். பெரியவர்கள் எலும்பு காய்ந்த குச்சி, முறிந்தால் கூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். குழந்தை எலும்பு பச்சைக் குச்சி, சீக்கிரம் கூடிவிடும், கொஞ்சம் வளைந்திருந்தாலும் வளரவளர நேராகிவிடும். ஆனால் இந்தக் குழந்தைக்கு எலும்பு முறிந்த இடம் அந்தக் கோட்டை ஒட்டியே இருக்கிறது, அடி சரியாக அந்த வளரும் இடத்தில் பட்டிருக்கிறது. "எலும்பு கூடிரும், அதுல பயமில்லை. இனிமேல் ஒழுங்கா வளருதா, நின்னுபோகுதான்னு இப்பச் சொல்ல முடியாது. ஆறு மாசத்துக்கு ஒருக்கா கூட்டிட்டு வாங்க. ரெண்டு காலையும் அளந்து பார்க்கணும்."

எலும்பு கூடிவிடும் என்ற சொல்லே அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. அதைக் கேட்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாராம். மீதி வார்த்தைகள் காதில் விழுந்தன, மனதில் விழவில்லை. அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். பக்கத்துப் படுக்கையில் புருஷன் வலியில் முனகிக்கொண்டிருந்தார், களத்தில் தேங்காய் அப்படியே கிடந்தது.

அந்த வெயில்காலம் முழுவதும் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் அப்பா, இன்னொன்றில் தங்கை, இரண்டு பேர் காலிலும் மாவுக்கட்டு. உங்களுக்குச் சிரிப்பு வரலாம், எங்கள் வீட்டில் அவ்வளவு சந்தோஷமான கோடை வேறு இருந்ததில்லை. அப்பா பகலில் வீட்டில் இருந்ததே அப்போதுதான். இரண்டு பேரும் பல்லாங்குழி ஆடினார்கள். அரிப்பெடுத்தால் ஆளுக்கொரு விளக்குமாற்றுக் குச்சியைக் கட்டுக்குள் விட்டுச் சொறிந்துகொள்வார்கள். அந்த இரண்டு குச்சிகளையும் அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்தார், வேறு யாரும் தொடக்கூடாது.

ஒருநாள் தங்கை கட்டிலில் துடித்தாள். கட்டுக்குள் ஏதோ கடிக்கிறது. பார்த்தால், கட்டிலின் காலிலிருந்து எறும்புச் சாரை ஒன்று நேராக மாவுக்கட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. தின்றுகொண்டிருந்த தேங்காய்ப் பருப்புத் துண்டு உள்ளே விழுந்துவிட்டிருக்கிறது. அம்மா ஊதினார், நான் ஊதினேன், அப்பா படுத்த இடத்திலிருந்தே, "என்ற சாமிய எறும்பு தின்னுபோடும் போலிருக்குதே, யாராச்சும் வாங்கடா" என்று தெருவையே கூப்பிட்டார். கடைசியில் கட்டுப் பிரித்தபோது அந்தத் துண்டு காய்ந்து சுருங்கி டாக்டர் மேஜைமேல் விழுந்ததாம். தங்கை அதை எடுத்து வாயில் போடப் போனாளாம்.

அவள் கட்டை வைகாசிக்கு முன்பே பிரித்துவிட்டார்கள். மெலிந்து, தோல் உரிந்து, அழுக்குத் திரண்ட ஒரு கால் வெளியே வந்தது. கொஞ்ச நாளில் ஓட ஆரம்பித்துவிட்டாள். அப்பாவின் எலும்போ கூடுவேனா என்றது. அவருக்குத் தண்ணீர், வெற்றிலை, களத்துக்குச் சேதி, எல்லாவற்றுக்கும் தங்கைதான் ஓடினாள். வருகிறவர்களிடமெல்லாம் அப்பா பெருமையடிப்பார். "எனக்குக் காலு இல்லீன்னு யாரு சொன்னது? அதா ஓடுது பாருங்க என்ற காலு."

டாக்டர் வரச் சொன்ன மாதம் வந்தது. ஆடிக் காற்று களத்துத் தூசியை எல்லாம் வாரி இறைத்துக்கொண்டிருந்த நேரம். அப்பாவை மறுபடி காட்ட வாடகைக் கார் வந்து வாசலில் நின்றது. தங்கை காலையிலேயே தலைசீவிப் பொட்டு வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். அம்மா, "ஏனுங்க, இவளையும் கூட்டியாரச் சொன்னாருங்களே" என்றார்.

அப்பா சிரித்தார். "ஓடியாடிட்டிருக்கற புள்ளையக் கூட்டிட்டுப் போயி டாக்டருகிட்ட என்னத்தக் காட்டறது? காரைவிட வேகமா ஓடுதுன்னா?"

அப்பாவின் காலை நீட்டி வைக்கப் பின்சீட்டு முழுவதும் வேண்டியிருந்தது. தலையணைமேல் கால், காலடியில் ஒடுங்கி அம்மா. முன்சீட்டில் மாமா. தங்கை உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் அப்பாவின் கால் இருந்தது. அவள் வாசலில் நின்று அழுதாள். "அடுத்த தடவை போலாம் கண்ணு, மைசூர்பாகு வாங்கியாரேன்" என்றார் அப்பா. வாங்கிக்கொண்டும் வந்தார். தின்றுகொண்டே அவள் அழுகையை மறந்துவிட்டாள். டாக்டர் கேட்டதற்கு, "நல்லா ஓடறாளுங்க" என்று அப்பா சொன்னாராம். இருந்தாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாராம் அவர். அடுத்த தடவை என்பது வரவே இல்லை. அப்பாவின் கால் கூடிவிட்டது, அப்புறம் அந்தப் பக்கம் போக வேலை இல்லை.

நம் காலத்துப் பாவாடைகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வளரும் பெண்ணுக்குக் கீழே இரண்டு மூன்று மடிப்பு வைத்துத் தைப்பார்கள். பெண் வளரவளர வருஷத்துக்கு ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டால் போதும், பாவாடையும் கூடவே வளரும். பிரித்த இடத்தில் வெளுக்காத துணி அடர்ந்த நிறத்தில் ஒரு பட்டையாகச் சுற்றி ஓடும்.

அதற்கடுத்த வருஷத் தீபாவளிக்கு எனக்கும் தங்கைக்கும் ஒரே துணியில் மாம்பழ நிறப் பாவாடை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த தையல்கார பாய்தான் எங்கள் குடும்பத்துக்கே தைப்பார். உடுத்திப் பார்த்தால் தங்கையுடையது இடதுபக்கம் தொங்கியது. அம்மாவுக்குக் கோபம். அவளை உடுத்த உடுப்போடு இழுத்துக்கொண்டு, என்னையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

"ஏனுங்க பாய், பண்டிகைத் துணியில இப்படிப் பண்ணிப்போட்டீங்களே. எடதுபக்கம் தரையக் கூட்டுது பாருங்க."

அவர் பாவாடையைக் கழற்றச் சொல்லிப் பலகைமேல் விரித்து நாடாவால் அளந்தார். "ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானுங்கம்மா இருக்குது."

"அப்ப என்ற கண்ணு பொய் சொல்லுதுங்களா?"

கடை நிறையக் கூட்டம். பண்டிகை நேரத்தில் வாடிக்கையாளரோடு யார் வாதாடுவார்கள்? "குடுங்கம்மா, எதுக்கு மனசைச் சங்கடப்படுத்திக்கறீங்க. இப்பவே சரி பண்ணித் தாரேன்" என்று இடதுபக்கம் மட்டும் ஒரு மடிப்பைக் கூட்டித் தைத்துக் கொடுத்தார். தங்கை போட்டுக்கொண்டு சுற்றினாள். தரையிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே உயரம். அம்மாவுக்குத் திருப்தி. பாய் தங்கைக்குக் கலர் நூல்கண்டு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு துணி கொடுக்கும்போதே, "எடதுபக்கம் தொங்காம தைச்சுக் குடுங்க பாய்" என்று அம்மா சொல்லிவிடுவார். அவரும் அப்படியே தைத்தார். வருஷா வருஷம் மடிப்புப் பிரிக்கும்போது என் பாவாடையில் பட்டை முழுச்சுற்றும் ஓடியது. தங்கையுடையதில் வலதுபக்கம் தொடங்கி, முன்னால் வந்து, இடதுபக்கம் தேய்ந்து மறைந்துபோகும். அந்தப் பக்கம் பிரிக்க வேண்டிய தேவையே வரவில்லை. அவளுடைய ஒரு கால் வளர்ந்ததையும் ஒரு கால் வளராததையும் அந்தத் துணி எல்லார் கண் முன்னாலும் காட்டிக்கொண்டிருந்தது. நாங்களோ அதைத் தையல் கோளாறு என்று நினைத்தோம். அந்த மாம்பழ நிறப் பாவாடை இப்போது எங்கே என்று தெரியவில்லை. அடுப்புத் துணியாகிப் போயிருக்கும்.

இடது குதிகாலைத் தூக்கி, விரல்களில் ஊன்றி நடக்க அவள் தானாகவே பழகிவிட்டாள். அதைப் பார்த்தும் யாருக்கும் உறைக்கவில்லை. கட்டுப் போட்ட காலத்துப் பழக்கம் என்றார்கள். சிட்டுக்குருவி போலத் தத்தித் தத்தி நடக்கிறாள் என்று 'சிட்டு' என்று கூப்பிட்டார்கள். அப்பாதான் முதலில் அப்படிக் கூப்பிட்டவர். அன்போடு வைத்த பேர் அது.

அவள் பெரியவளான வருஷம் சீர் வைத்தார்கள். தாய்மாமன் தட்டில் கொண்டுவந்த அரக்கு நிறப் பட்டுச் சேலையை அத்தைமார்கள் சேர்ந்து கட்டிவிட்டார்கள். சேலைக்குத் தையல்காரர் கிடையாது அல்லவா? சபையில் கொண்டுவந்து நிறுத்தினால் கொசுவம் ஒருபக்கம் தரையில் புரண்டது, மறுபக்கம் கணுக்கால் தெரிந்தது. அத்தை ஒருத்தி உட்கார்ந்து இழுத்துவிட்டுப் பார்த்தார். மறுபடி அவிழ்த்துக் கட்டினார்கள். மறுபடியும் அப்படியே.

"ஏனுங்க அண்ணி, புள்ள ஒருக்களிச்சு நிக்குதாட்ட இருக்குதே" என்றார் அத்தை.

அம்மா கூச்சத்தோடு அவள் தோளைப் பிடித்தார். "நேரா நில்லு கண்ணு. அத்தனை பேரும் பாக்கறாங்க."

"நேராத்தாம்மா நிக்கறேன்."

"நேரா நில்லுங்கறேன்."

"அம்மா, நான் நேராத்தான் நிக்கறேன்."

அன்றைக்கு அவள் பூப்போட்ட கொலுசு போட்டிருந்தாள். கூட்டத்தில் பேச்சு நின்றுபோனதும், அவள் இடது குதிகாலைத் தரையில் ஊன்ற முயற்சி செய்தாள். கொலுசுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா அவளுடைய கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

மறுநாளே கோயம்புத்தூருக்கு ஓடினார்கள். இந்தத் தடவை காரின் பின்சீட்டில் தங்கை மட்டும் காலை நீட்டி உட்கார்ந்து போனாள், அப்பா அவ்வளவு இடம் விட்டார். வேறொரு டாக்டர் இருந்தார். புதிய படத்தில் இடது முட்டிக்கு மேலே அந்தக் கறுப்புக் கோடு ஏறக்குறைய மறைந்துபோயிருந்தது. "கோடு கூடிருச்சுங்களே, நல்லதுதானுங்க?" என்று அம்மா கேட்டாராம். டாக்டர் அம்மாவைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாராம். அந்தக் கோடு மூடிக்கொண்டதால்தான் கால் வளரவில்லை. வளர வேண்டிய வருஷங்கள் மீதி இருந்தபோதே வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம். இப்போது வளர்ச்சி முடியும் நேரம். ஒரு செருப்பை மட்டும் உயர்த்திப் போட்டுக்கொள்ளலாம்.

அதன் பிறகு அப்பா ஒரு காரியம் செய்தார். சனிக்கிழமை தோறும் தங்கையை உட்கார வைத்து, எங்கள் பருப்பிலேயே ஆட்டிய எண்ணெயைச் சூடு காட்டி, அவளுடைய இடது காலை முட்டியிலிருந்து பாதம் வரை இழுத்து இழுத்து நீவுவார். பலன் இல்லை என்று அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் கல்லூரிக்குப் போகும் வரை அது நடந்தது. "வலிக்குதா சாமி?" என்பார். "இல்லீங்கப்பா, கொஞ்சம் நீண்டாப்பல இருக்குது" என்பாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் கொஞ்சம் எண்ணெய் எடுப்பார்.

அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, அவள் நடப்பதையும் பார்த்துவிட்டு, வெள்ளகோவில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பினார்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகு, இனி யாரும் வர வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் டீச்சராகக் காங்கேயத்திலேயே இருந்தாள். எந்தக் குழந்தை கைகாலை உடைத்துக்கொண்டாலும், கட்டுப் பிரித்த பிறகு அந்த வீட்டுக்கு விடாமல் போவாள். "கூடிருச்சுன்னு விட்டுப்போடாதீங்க. வளருதான்னு கூட்டிட்டுப் போயிக் காட்டுங்க" என்பாள். பல பேருக்கு அது தொந்தரவாக இருந்தது. என்னிடமே சலித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பாமீது ஒரு சொல் அவள் சொன்னதில்லை. என்னை இழுக்க வந்துதானே அவர் காலை உடைத்துக்கொண்டார் என்பாள்.

போன தை மாதம் ஒரு காலையில் பூப்பறித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், எழவில்லை. தகவல் கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் பாயில் கிடத்தியிருந்தார்கள். ஒரு காலத்தில் இரண்டு கட்டில்கள் கிடந்த அதே கூடம்.

சொந்தத்தில் பெரியவர் ஒருவர் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட வெள்ளைத் துணி கிழித்துக்கொண்டு உட்கார்ந்தார். விரல்கள் சேரவில்லை. இடது பாதம் எட்டவில்லை. அவர் நிமிர்ந்து, "தம்பி, அந்தக் காலச் சித்த இழுத்துப் புடிங்க" என்றார். ஒருத்தர் குனிந்து கணுக்காலைப் பிடித்தார்.

"இழுக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். எனக்கு அவ்வளவு குரல் இருக்கும் என்று எனக்கே தெரியாது. "அந்தக் கால எத்தனை வருஷம் இழுத்தாச்சு. போதும், விட்டுருங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கொடியில் கிடந்த அவளுடைய பழைய சேலையை எடுத்துச் சுருட்டி, வலது முட்டிக்குக் கீழே வைத்தேன். நீளமான கால் முட்டியில் லேசாக மடங்கி மேலேறியது. அந்த விரல் தானாக இடது விரலின் பக்கத்தில் வந்து நின்றது. ஐம்பது வருஷமாக இடது கால்தான் எக்கி எக்கி மற்றதன் உயரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. வலது கால் அதற்காக வளைந்துகொடுத்தது அன்றைக்கு மட்டும்தான்.

பெரியவர் முடிச்சுப் போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். "இப்ப நேரா இருக்குதுங்க அம்மணி" என்றார்.

"அவ எப்பவும் நேராத்தானுங்க நின்னா" என்றேன்.